வெளுத்த குழம்பு

லூர்தம்மாளைத் திருடி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒருவன் என்ன ஒருவன், முதல் ஆளே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, சீனிவாசன் என்னமோ யோக்கியன் மாதிரி எழுதியிருக்கிறான் பார் என்று சொல்லக்கூடாது.

அந்த நாளில் அவள், இவள் என்றுதான் பேசினோம். இப்போது அவர் என்று எழுதுகிறேன். கைக்காவது அந்த மரியாதை இருக்கட்டும்.

பென்னலூர்க்காரர். மாதா கோயில் திருவிழாவில் முந்நூறு பேருக்கு ஒற்றை ஆளாக நின்று பொங்கிப் போடுகிற கை. புருஷன் சூசைராஜ் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து போய்ச் சேர்ந்தபோது மகள் ரோஸிக்கு நாலு வயது. அதன் பிறகு கல்யாண வீடு, கருமாதி வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் கரண்டியோடு போய் மகளை வளர்த்தார். 1981-இல் எங்கள் கம்பெனி கேன்டீனுக்கு வந்து சேர்ந்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ரோட்டோரத்தில் இருந்த கம்பெனி அது. இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் அடித்து லாரிக்குப் பாகங்கள் செய்வோம். நான் பிரஸ் ஆபரேட்டர். மத்தியானச் சங்கு ஊதினால் நானூறு பேர் தட்டோடு ஓடுவோம்.

அவருக்கு முன்னால் இருந்த சமையல்காரன் வைத்த குழம்பு ரத்தம் மாதிரி இருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினால் நகக்கண்ணெல்லாம் சிவப்பு போகாது. அதைக் காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். லூர்தம்மாள் வந்த முதல் நாளே குழம்பு வெளுத்துப்போயிற்று. பழுப்புமில்லாமல் மஞ்சளுமில்லாமல் ஏரித் தண்ணீர் நிறத்தில் ஒரு குழம்பு. அவர் சந்தையில் குண்டு மிளகாயாகப் பார்த்து வாங்கச் சொல்வார். ஒரு மிளகாயை உடைத்து, விதையை நாக்கில் வைத்துப் பார்த்து, சரி என்றால்தான் மூட்டையைத் தூக்க விடுவார். குண்டு மிளகாயின் காரம் உச்சி மண்டைக்கு ஏறும், நிறம் மட்டும் வராது. இது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

சப்பென்று இருக்கிறது என்றோம். காரமே இல்லை என்றோம். எப்படிச் சொன்னோம் தெரியுமா? நெற்றியில் வேர்வை ஓட ஓட, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னோம். நாக்கு எரிகிறது, வாய் 'காரம் இல்லை' என்கிறது. இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு நாள் ஸ்டோரில் மஞ்சள் தூள் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு எலுமிச்சை சாதம். லூர்தம்மாள் மஞ்சள் போடாமலே எலுமிச்சை பிழிந்து, தாளித்து, வெள்ளையாகவே போட்டுவிட்டார். ஒரு வாய் வைத்ததும் சோறு புளித்துப்போய்விட்டது, பழைய சோற்றைக் கொட்டுகிறார்கள் என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான். நாற்பது ஐம்பது பேர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். நானும் எழுந்தேன். லூர்தம்மாள் வெளியே வந்து பிழிந்த எலுமிச்சை மூடிகளைக் கூடையோடு எங்கள் மேஜையில் கவிழ்த்தார். நாங்கள் அப்போதும் அது எலுமிச்சை சாதம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சளாக இருந்து புளித்தால் எலுமிச்சை, வெள்ளையாக இருந்து புளித்தால் ஊசிப்போனது. எங்கள் சட்டம் அது.

தொழிலாளர் கமிட்டியில் நடேசன் என்று ஒருவன் இருந்தான். வாய் கிழியப் பேசுவான், நான் அவனுக்குப் பின்பாட்டு. நாங்கள் இரண்டு பேரும் கேன்டீன் கான்ட்ராக்டர் ஏகாம்பரநாதனிடம் போய், குழம்பில் காரம் இல்லை, மிளகாய் எங்கே போகிறது என்று கேட்டோம். முதலில் 'மிளகாய் எங்கே போகிறது' என்று கேட்டது நான்தான். அந்தக் கேள்விதான் அத்தனைக்கும் விதை.

ஏகாம்பரநாதன் என்ன செய்தார் தெரியுமா? காரம் கேட்டவனுக்கு மிளகாய் வாங்க வேண்டியதுதானே. அவர் சிவப்புச் சாயத்தூள் வாங்கினார். தினம் ஒரு பொட்டலம் லூர்தம்மாள் கையில் கொடுத்து, குழம்பில் கலக்கி விடு, பயல்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்றார். லூர்தம்மாள் மாட்டேன் என்றிருக்கிறார். தின்கிற சோற்றில் சாயம் போடுகிற பாவம் எனக்கு வேண்டாம் என்றிருக்கிறார். போடாவிட்டால் வேலை இல்லை என்று அந்த மனிதர் மிரட்டியதும், வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, போட்டேன் என்று சொல்லிவிட்டு, போகும்போது பையில் எடுத்துப்போய் ஊர் எல்லைக் குப்பைக்குழியில் கொட்டிவிடுவார். சமையல்கட்டிலேயே விட்டால் உதவிக்கு இருந்தவர்கள் எடுத்துப் போட்டுவிடுவார்களாம். இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிந்தது.

குழம்பு அப்போதும் வெளுத்தே இருந்தது. நடேசனும் நானும் மறுபடி போனோம். ஏகாம்பரநாதனுக்கு, சாயம் கொடுத்தேன் என்று எங்களிடம் சொல்ல முடியுமா? கூசாமல் சொன்னார், நான் மூட்டை மூட்டையாக மிளகாய்த்தூள் வாங்கிப் போடுகிறேன், அது எங்கே போகிறது என்று அந்தம்மாவின் பையைப் பாருங்கள் என்று. அந்தம்மா பையில் என்ன எடுத்துப்போகிறார் என்பதை அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

1982, ஏப்ரல். ஒரு சனிக்கிழமை. ரோஸிக்கு குன்றத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருப்பவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படிப்பார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மறுநாள் மூன்றாவது. அந்த வேலையாகப் பந்தியை முடித்ததும் லூர்தம்மாள் சீக்கிரம் கிளம்பினார். நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கை கூடத் துடைக்காமல் கேட்டுக்கு ஓடினோம். வாட்ச்மேன் பையை வாங்கிக் கவிழ்த்தான். ஒரு பழைய புடவை, ஜெபமாலை, ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தால் செக்கச்செவேல் என்று தூள்.

கூட்டம் ஹோ என்றது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்? முகர்ந்து பார்க்கலாம் என்றுகூட ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஒரு தும்மல் கிடையாது அந்த இடத்தில். மிளகாய்த்தூளைக் காற்றில் பிரித்தால் நாலு பேராவது தும்ம மாட்டார்களா? நாக்கில் நரம்பில்லாமல் ஆளாளுக்குப் பேசினோம். ஏகாம்பரநாதன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சொல்லலையா என்பது போலத் தலையை ஆட்டினார்.

லூர்தம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாட்ச்மேன் கையிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார். நாக்கை நீட்டினார். சிவப்பு. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மொளகாத்தூளாடா இது? பாருங்கடா. இருமுறனா? கண்ணு கலங்குதா?"

கூட்டம் ஒரு நிமிஷம் அடங்கியது. உண்மை வெளியே வர அந்த ஒரு நிமிஷம் போதும். நடேசன் அதையும் விடவில்லை. தினம் திருடித் தின்று அவளுக்குக் காரம் பழகிப்போயிருக்கும் என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லூர்தம்மாள் நேராக என்னிடம் வந்தார். நீதானே முதலில் கேட்டவன், நீ நக்கிப் பார்த்துச் சொல் என்றார். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எரிந்தது. நாக்கு நுனியிலிருந்து தொண்டை வரைக்கும் எரிந்தது. மூக்கில் தண்ணீர் வந்தது. தூ என்று அவர் காலடியிலேயே துப்பினேன்.

"காரந்தான். மொளகாத்தூளேதான்" என்றேன்.

அத்தோடு முடிந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கீழே கிடந்த புடவையையும் ஜெபமாலையையும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை விசாரணை, அதுவரை உள்ளே வரக்கூடாது என்று பின்னாலிருந்து கத்தினார்கள். சாட்சிப் பொருளாகப் பொட்டலத்தை என்னிடமே கொடுத்தார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி கங்கா கெண்டை மீன் வாங்கியிருந்தாள். வீட்டில் மிளகாய்த்தூள் தீர்ந்திருந்தது. என் பையில் பொட்டலத்தைப் பார்த்ததும், நான்தான் வாங்கி வந்திருக்கிறேன் என்று நினைத்து, என்னைக் கேட்காமல் இரண்டு ஸ்பூன் அள்ளிக் குழம்பில் போட்டுவிட்டாள். இலையில் ஊற்றினபோது ஜம்மென்று இருந்தது. பழைய கேன்டீன் குழம்பு மாதிரி. மீனைப் பிய்த்து வாயில் வைத்தேன். சுர்ரென்று இருக்கிறது, இப்படி வைக்க அந்த லூர்தம்மாளுக்குத் தெரியவில்லையே என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

கங்கா ஒரு வாய் தின்றுவிட்டு இலையைத் தள்ளினாள்.

"இன்னா தூள்யா வாங்கினு வந்தே? மருந்துக்குக்கூட காரம் இல்ல. பச்சைத் தண்ணியில மீன் வெந்த மாதிரி கீது."

இருக்கிறது என்றேன். இல்லை என்றாள். வாக்குவாதம் ஏறியது. கடைசியில் அவள் எழுந்து வந்து, கண்ணை மூடு என்றாள். மூடினேன். ஒரு வாய் பிசைந்து ஊட்டினாள். புளி தெரிந்தது, உப்பு தெரிந்தது, மீன் வாடை தெரிந்தது, அடியில் லேசாக ஒரு கசப்பு. காரம்? தேடினேன். நாக்கால் துழாவித் துழாவித் தேடினேன். இல்லை. கண்ணைத் திறந்து இலையைப் பார்த்தேன். பார்த்ததுமே மறுபடி காரமாக இருப்பது போலத் தோன்றியது. எனக்குப் பயமாகிவிட்டது.

இது என்ன பொட்டலம் என்று கங்காவிடம் சொன்னேன். அவள் என்னைச் சும்மா விடவில்லை. ஒரு பொம்பளையை ஊர் முன்னால் நிற்கவைத்துத் துப்பிவிட்டு வந்து இங்கே மீன் தின்கிறாயா, நாளைக்கு என்னையும் இப்படித்தான் நாலு பேர் பேச்சைக் கேட்டுத் துப்புவாயா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கை கழுவிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

பென்னலூரில் லூர்தம்மாள் வீட்டு வாசலில் ஆளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ரோஸிதான் எட்டிப் பார்த்தது. அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. லூர்தம்மாள் வெளியே வந்தார். உட்கார் என்று சொல்லவில்லை. அவர் உதட்டு ஓரத்தில் அந்தச் சிவப்பு அப்போதும் போகவில்லை.

தூளில் காரம் இல்லை என்று சொன்னேன். எனக்குத் தெரியாதா என்றார். ஆனால் நேற்று என் நாக்கு நிஜமாகவே எரிந்தது, நான் பொய் சொல்லவில்லை என்றேன். அதைத்தான் அவரிடம் சொல்ல ஓடி வந்தேன் போலிருக்கிறது. நான் கெட்டவன் இல்லை என்று அவர் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

"சாப்ட்டுட்டுத்தானே கேட்டாண்ட வந்தே?" என்றார்.

"ஆமாக்கா."

"யாரு வச்ச கொழம்பு?"

தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டின மாதிரி நின்றேன்.

"ஒரு வருசமா காரமில்ல காரமில்லன்னு தின்னியே, அந்தக் கொழம்புய்யா உன் வாயில எரிஞ்சது. என் மொளகாதான். அந்த எரிச்சலை வச்சிக்கினே என்னைத் திருடின்னு சொன்னே. காலைல ஓலை வாசிக்கல. மாப்ள வூட்டுக்காரங்க நிறுத்தச் சொல்லிட்டாங்க. திருடி வூட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம்."

நான் காலில் விழப் போனேன். சீ, எழுந்திரு என்றார்.

"என் கால்ல வுழுந்தா ஓலை வாசிச்சிருவாங்களா? எங்க துப்புனியோ அங்கப் போயி சொல்லு. சோறு துன்றதுக்கு முன்னாடி சொல்லு."

திங்கட்கிழமை மத்தியானம் சங்கு ஊதியதும் நான் கேன்டீன் பக்கம் போகவில்லை. கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டு எல்லோரையும் கூப்பிட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். இது மிளகாய்த்தூள் இல்லை, சாயம், நான் சொன்னது தப்பு, அன்றைக்கு எரிந்தது அந்தம்மா வைத்த குழம்பு என்று கத்தினேன். சிவப்பு எச்சில் சட்டையெல்லாம் ஒழுகியது. சிரித்தார்கள். நடேசன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நேற்று சாயங்காலம் அந்தம்மா வீட்டு வாசலில் உன் சைக்கிளைப் பார்த்தார்களாமே, அங்கே என்ன தின்றாய் என்றான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"நடேசா, கண்ண மூடு. மூடிக்கினு நக்கு. காரம்னு நீ சொல்லிட்டேன்னா நான் இன்னிக்கே கணக்க முடிச்சிக்கினு போயிடறேன்."

நக்கினான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு விரலைச் சட்டையில் துடைத்தான். பிறகு பின்னால் இருந்தவன் ஒரு விரல் தொட்டான், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். கால் மணி நேரத்தில் முப்பது நாற்பது பேர் நாக்கு சிவந்து போய், ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் நின்றார்கள். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஏகாம்பரநாதன் இல்லை.

விசாரணை நடந்தது என்று பேர். லூர்தம்மாள் மேல் குற்றமில்லை என்று கம்பெனி ஒரு கடுதாசி கொடுத்தது. சாயம் வாங்கிக் கொடுத்த கான்ட்ராக்டரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடுதாசியை நானே குன்றத்தூருக்குக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்து, பொய் சொன்ன நாக்கு இதுதான் என்று நீட்டிக் காட்டினேன். மூன்று நாளாகியும் சிவப்பு போகவில்லை. அடுத்த வாரமே மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கல்யாணமும் நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை. எதற்கு அழைக்க வேண்டும்?

வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி மேனேஜர் இரண்டு முறை வாட்ச்மேனை பென்னலூருக்கு அனுப்பினார். இரண்டாவது முறை அவன் பதில் கொண்டு வந்தான். உங்கள் கம்பெனியில் கண் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவர்களுக்கு வந்து ஆக்கிப் போடுகிறேன் என்றாராம். அவ்வளவுதான். மறுபடி கல்யாண வீடுகளுக்கே போனார். எண்பத்தேழில் ரோஸி வீட்டோடு குன்றத்தூருக்குப் போகும்வரை அவர் கை ஓயவில்லை என்று கேள்வி. எந்தப் பந்தியிலாவது அவர் குழம்பு எனக்குக் கிடைக்குமா என்று அலைந்திருக்கிறேன். கிடைத்ததில்லை.

கேன்டீனுக்குப் புது ஆள் வந்தான். கான்ட்ராக்டர் அதே ஏகாம்பரநாதன்தான். முதல் நாளே குழம்பு செக்கச்செவேல் என்று வந்தது. முந்தின மாதம் நாக்கைச் சிவக்க வைத்துக்கொண்டு நின்ற அதே ஆட்கள், நடேசன் உட்பட, இப்போதுதான் காரம் சரியாக இருக்கிறது என்று இரண்டாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். ஒருத்தன் நெற்றியிலும் வேர்வை இல்லை. நான் என் தட்டைப் பார்த்தேன். எனக்கும் காரமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ரிடையர் ஆகும்வரை கேன்டீனில் முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நான் சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொண்டார்கள்.